பந்தை நழுவவிட்டவரும் உமது பரீட்சையும்

அன்பின் றெஜினா,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். உமது இருமல் விட்டதா? தொலைபேசியில் பரீட்சைப் பேச்சை எடுத்தாலே சண்டையாகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை எங்கள் கடையில் ஒரு வாக்குவாதம். சாமான் வாங்க வரும் அல்பேர்ட் அண்ணையின் மகன் இங்கே ஹம்பேர்க்கில் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுகிறான். அவர்களுடைய தலைமைப் பயிற்சியாளர், இரண்டு ஆட்டங்களில் பந்தை நழுவவிட்ட ஒருவரை மூன்றாவதிலும் இறக்கினாராம்.

"இப்பிடியும் ஒரு அணியைக் கட்டலாமோ?" என்றார் அண்ணை.

"விலைப்படாத சாமானை நான் கடைத் தட்டில வைக்கமாட்டன்" என்றேன்.

காசு வாங்கும் மக்டலீன் அக்கா நிமிரவே இல்லை. "அப்ப உன்ர மனிசி றெஜினாவையும் தட்டில இருந்து எடுத்துப் போட்டாச்சோ? அவவும் இஞ்ச வாற விசாவுக்கு எழுதின டொச் மொழிச் சோதினையில ரெண்டு தரம் பெயில்தானே."

கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு பின்னறைக்குப் போய் அரிசி மூட்டைகளைக் காரணமில்லாமல் இடம் மாற்றி அடுக்கினேன்.

'இனி எழுதி என்ன பிரயோசனம்' என்று போன கிழமை உம்மிடம் சொன்னது பிழை. அந்தப் பயிற்சியாளர் அந்த ஆளோடு தினமும் தனியே நின்று பந்து எறிந்தாராம். நான் உம்மிடம் பெறுபேறு மட்டும்தான் கேட்டேன். இனிக் காலையில் கடை திறக்க முன் அரை மணி நேரம் தொலைபேசியில் டொச்சில் மட்டும் கதைப்போம். பரீட்சைக்கு மூன்றாம் தரமும் உமது பெயரைப் பதிந்துவிடும்.

நீர் வறுத்த மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்பும். கால் அளவையும் எழுதும். குளிர்காலச் சப்பாத்து இப்போது மலிவு. ஒரு சோடி வாங்கி, வாசலில் என்னுடையதற்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன்.

சாமான் லொறி வந்துவிட்டது.

உமது
அமலதாஸ்