ஷவ்கத் பாஷாவின் கையெழுத்து

ஜனவரி 9
லைசென்ஸ் அலுவலக ஜன்னலில் டீக்காசு வாங்கிக்கொண்டிருந்த ஷவ்கத் இன்று எங்கள் வட்டார அதிகாரி ஆகிவிட்டான். சந்தையில் வாழ்த்துப் பதாகை கட்டாத கடை என்னுடையது மட்டும்தான் என்றாள் என் மனைவி புஸைனா. கட்டினேன். துணிக்காசு தண்டம்.

பிப்ரவரி 2
உருளைக்கிழங்குக் கிடங்குக்கு லைசென்ஸ் கேட்டு ஷவ்கத்திடம் போனேன். குளிரூட்டும் இயந்திரம் வாங்கவே பாதி நிலத்தை விற்றிருக்கிறேன். மின்சாரம், தீயணைப்பு, சுகாதாரம் என்று எல்லா ஒப்புதலும் கையில். அவன் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஹாஜி தஸூகி. அதான் யோசிக்கிறேன்."

"சரியா இருந்தா என்ன யோசனை, பாஷா?"

"தப்பா இருந்தா திருத்திட்டு வான்னு அனுப்பிடலாம். சரியா இருக்கிறத வச்சு நான் என்ன பண்றது?"

பிப்ரவரி 11
எண்பதாயிரம் பவுண்டு. அவன் மச்சானின் டைல்ஸ் கடையில் கட்டினேன். போடாத தரைக்கு பில் கொடுத்தார்கள். கையெழுத்து வந்தது.

மார்ச் 20
பாஷா வீட்டுக்கு மூன்றாவது மாடி எழும்புகிறது. பள்ளிவாசலில் முதல் வரிசையில் அவனுக்கு இடம் விட்டுவைக்கிறார்கள். டி.வி.யில் லஞ்சத்தை ஒழிப்பேன் என்றான். புஸைனாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 17
பிடித்துவிட்டார்கள். மேசையில் பணத்தோடு. சந்தையில் எல்லோருக்கும் ஷர்பத். நானும் இரண்டு கிளாஸ் குடித்தேன்.

ஏப்ரல் 22
அவன் போட்ட லைசென்ஸ் எதுவும் விசாரணை முடியும்வரை செல்லாதாம். என் கிடங்குக்கு சீல். என்ன பொழப்புடா இது! அவன் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் அதிகாரி தௌலத் அம்மா டீயைக்கூடத் தன் காசில் குடிக்கிறவர்.

"மேடம், கிழங்கு தோண்டியாச்சு. வெயில்ல கிடந்தா அழுகிடும்."

"புரியுது ஹாஜி. உங்ககிட்ட லஞ்சம் வாங்கலன்னு அவரே வாக்குமூலம் கொடுத்தா, அன்னைக்கே திறந்துடறேன்."

"அவரா?"

"வேற யாரு?"

நேர்மையான ஆளிடம் பேச்சை எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

ஏப்ரல் 25
சிறைக்குப் போனேன். மெலிந்திருந்தான். மனைவி அலெக்ஸாந்திரியாவுக்குப் போய்விட்டாள்; மச்சான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாங்கவில்லை என்று சொன்னால் அவனுக்கும் ஒரு வழக்கு குறையும். அப்படியிருந்தும்—

"சொல்லிடறேன் ஹாஜி. ஆனா இங்க சாப்பாட்ட வாயில வைக்க முடியல."

"உள்ள வந்துமா, பாஷா?"

"வெளிய இருக்கிறது உன் கிழங்குதான்."

வாரம் இரண்டு வாத்து கேட்டான். பேரம் பேசினேன். கடைசியில் படிந்தது இது: தீர்ப்பு வரும்வரை, பார்க்க விடும் நாளெல்லாம் சோறு அடைத்த வாத்து ஒன்று, இரண்டு கார்ட்டன் சிகரெட். வாத்து புஸைனா கையால் சமைத்ததாக இருக்க வேண்டும். கடையில் வாங்கியது செல்லாது.