இருபத்தெட்டாவது பெயர்

சென்னை
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பூவிழி,

போன மாதம் எங்கள் வரதராஜன்பேட்டைக்கு நீ வந்தபோது, இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, "என்னக்கா, எங்களையெல்லாம் மறந்துட்டீங்களா" என்று கேட்டாய். மறக்கவில்லை. வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் உன் வீட்டுக்காரர் அறிவழகனோடு சுண்ணாம்புக்கல் லாரியில் போய்விடுகிறது என்று நீ சொன்னதால், அனிதா டீச்சரின் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன்.

இந்த வருடம் வங்கக்கரை பெண்கள் கால்பந்து அணிக்கு என்னை உதவிக் கோச்சாகவும் மேனேஜராகவும் போட்டிருக்கிறார்கள். பெயர்தான் பெரிது. ஐஸ் பெட்டி தூக்குவது, ரயில் டிக்கெட் எடுப்பது, படிவம் நிரப்புவது எல்லாம் நான்தான்.

லீக்கில் ஒரு அணி இருபத்தெட்டுப் பேரைப் பதியலாம். செப்டம்பர் 30 மாலையோடு பதிவு மூடிவிடும். அதுவரை ஆள் சேர்ப்பதுதான் வேலை. போன வருடம் ஆடியவர்களில் பதினோரு பேரைத்தான் வைத்துக்கொண்டோம். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போனது. அனுப்பியது நான். வெளிநாட்டிலிருந்து நான்கு பேர் வருகிறார்கள். மீதி இடங்களுக்கு இப்போது ஆள் தேடுகிறோம்.

தடுப்பாட்டத்தில் உனக்குத் தெரிந்த நல்ல ஆள் யார் என்று கோச் சார் கேட்டார். பெரம்பலூர் விளையாட்டு விடுதியில் என்னோடு இருந்த உன்னைத்தான் சொன்னேன். ஸ்டாப்பராக உன்னைவிடச் சிறந்தவளை நான் பார்த்ததில்லை என்றும் சொன்னேன். இத்துடன் படிவம் இருக்கிறது. மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மற்ற கட்டங்களை நான் நிரப்பிக்கொள்கிறேன். உறுதி செய்ய ஓடிபி உங்கள் போனுக்கு வரும். அறிவழகனிடம் முன்னாலேயே சொல்லிவை.

உடம்பைக் கவனி. தினமும் இரண்டு முட்டையாவது சாப்பிடு.

அன்புடன்,
சகாய பிரியா அக்கா


ஆண்டிமடம்
13 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது முந்திரி உடைக்கும் கொட்டகையில் இருந்தேன். கொட்டை எண்ணெய் பட்டுக் கையெல்லாம் தோல் உரிந்திருக்கிறது. கடிதத்தில் கறை படக்கூடாது என்று அனிதா டீச்சரையே படிக்கச் சொன்னேன். "ஸ்டாப்பராக" என்ற இடத்தில் நிறுத்தி, "அப்படின்னா என்ன பூவிழி" என்று கேட்டார். வருகிறவளை நிறுத்துகிறவள் என்றேன். "அப்ப உன் மாமியாருக்குத்தான் அந்த வேலை சரியா இருக்கும்" என்றார்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு முன்பே அனுப்பிவிட்டேன். ஓடிபியில்தான் கூத்து. நீங்கள் சொன்னதை நான் அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். அரியலூரில் எடை போட லாரி வரிசையில் நின்றிருக்கிறது. அங்கிருந்து பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டு, "யாரோ ஆறு நம்பர் அனுப்பியிருக்கான். நம்ம கணக்குல என்னா இருக்குன்னு இவன் ஏமாத்த வர்றான்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். பிறகு நம்பரைப் படித்தார், அதே பக்கத்து வீட்டுப் போனிலிருந்து உங்களுக்கு அனுப்பினேன்.

மாமியாரிடம் பேசத்தான் மூன்று நாள் ஆனது. உங்களுக்குத் தெரியுமே, கிருஷ்ணம்மாள் பேசினால் தெருவே கேட்கும். "டவுசர் போட்டுக்கிட்டு ஓடப் போறியா? புள்ளைக்கிப் பாலு யாரு குடுப்பா?" என்றார். கீதாஞ்சலி பால் மறந்து எட்டு மாதமாகிறது என்றேன். கடைசியில் இறங்கி வந்தார். "நாலு மாசம் நான் பாத்துக்குறேன். பொங்கலுக்கு வூட்டுக்கு வந்துடணும். அப்பறம் பந்துன்னு ஒரு பேச்சு எடுக்கக் கூடாது." சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அதனால் எனக்கு இந்த ஒரு சீசன்தான் அக்கா. நன்றாக ஆடினாலும் மோசமாக ஆடினாலும் இதோடு சரி.

விடியற்காலையில் பள்ளி மைதானத்தில் ஓடுகிறேன். ஒரு பையன் கிரிக்கெட் ஆடி முட்டியை உடைத்துக்கொண்டால் ஊரே பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகிறது. நான் இரண்டு சுற்று ஓடினால் யார் வீட்டு மருமகள் என்று விசாரிக்கிறார்கள். விசாரிக்கட்டும். பிள்ளை பெற்ற பிறகு ஏறிய எடையில் பாதி இறங்கிவிட்டது.

கேம்ப் எந்தத் தேதி? எழுதுங்கள். பை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள்
பூவிழி


சென்னை
1 செப்டம்பர் 2025

அன்புள்ள பூவிழி,

படிவம் வந்தது. பதிவும் முடிந்துவிட்டது. எங்கள் பட்டியலில் இருபத்தெட்டாவது பெயர் உன்னுடையது. நடுவில் சில இடங்கள் மட்டும் இன்னும் காலி.

கேம்ப் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. எனக்கு மூச்சுவிட நேரமில்லை. டிரையலுக்கு வந்தவர்களோடு சேர்த்து நாற்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். டிரையல் பெண்களுக்கு நம்பர் இல்லாத கலர் மேல்சட்டைதான். கோச் சார் அவர்களைப் பெயர் சொல்லிக்கூட அழைப்பதில்லை. "மஞ்சள், இங்க வா" என்கிறார். மாலையில் நான் ஒரு தாள் ஒட்டுகிறேன். அதில் பெயர் இல்லாதவள் இரவு பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். நேற்று மணிப்பூரிலிருந்து மூன்று நாள் பயணம் செய்து வந்த பெண்ணை ஒன்றரை மணி நேரம் ஆடவைத்துத் திருப்பி அனுப்பினோம். நிர்வாகியின் நண்பர் மகள் ஒருத்தி இருக்கிறாள். பந்தை நிறுத்தத் தெரியாது, அதை வீடியோ எடுக்கத் தெரியும். அவள் பெயர் தினமும் தாளில் இருக்கிறது.

கானா நாட்டிலிருந்து வந்திருக்கும் ஃபார்வர்டு, கோல் போடுகிறவள், நல்ல உயரம், நல்ல வேகம். சோறும் ரசமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

உன்னை இப்போது கூப்பிட முடியவில்லை. தங்க வைக்க இடமில்லை. அவசரப்படாதே. நேரம் வரும்போது நானே எழுதுகிறேன். கொட்டகைக்குப் போவதை மட்டும் குறைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஆண்டிமடம்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கேம்பில் எல்லோரும் இருக்கிறார்கள், நான் மட்டும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் ஒரு ஆட்டம். ஏழு பேர் போட்டிதான். ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். நான் ஆடியதைக் கோயம்புத்தூர் நொய்யல் அணியின் கோச் ஹேமலதா பார்த்திருக்கிறார். அவர்களுடைய ஸ்டாப்பருக்கு முட்டியில் தசைநார் அறுந்துவிட்டதாம். பதிவு மூடுவதற்குள் ஒருத்தி வேண்டுமென்று ஊர் ஊராக அலைகிறார். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஒரு புள்ள இருக்கு மேடம்."

"நான் அதுக்குக் கேக்கல. ரூம் தனியா வேணுமான்னு கேக்கத்தான் கேட்டேன். நாளைக்குப் பைய எடுத்துக்கிட்டுக் கோயம்புத்தூர் வந்துடு. முதல் பதினொன்னுல நீதான்."

அக்கா, சரி என்று அங்கேயே சொல்லிவிட்டேன். பிறகு அவரோடு வந்தவர் கணினியில் என் பெயரைப் போட்டுப் பார்த்தார். "நீ வங்கக்கரையில இருக்கியேம்மா. ரெண்டு வருசத்துக்கு ஒப்பந்தம் போட்டிருக்கு. அவங்க ரிலீஸ் குடுக்காம நாங்க தொட முடியாது" என்றார்.

இரண்டு வருடமா? நான் கையெழுத்துப் போடும்போது அந்தக் கட்டம் காலியாக இருந்தது. நீங்கள் அனுப்பிய படிவம் என்பதால் நான் எதையும் கேட்கவில்லை. வேறு யார் கொடுத்திருந்தாலும் டீச்சரிடம் காட்டிவிட்டுத்தான் போட்டிருப்பேன்.

ஹேமலதா மேடம் 29ஆம் தேதி வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். நீங்கள் ஒன்று செய்யுங்கள். என்னை ஆடவைப்பதென்றால் கேம்புக்குக் கூப்பிடுங்கள், வெறுந்தரையில் படுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் ரிலீஸ் கடிதம் அனுப்புங்கள். நான் எந்த அணியில் ஆடினாலும் உங்களுக்குச் சந்தோஷம்தானே?

பூவிழி


சென்னை
19 செப்டம்பர் 2025

அன்புள்ள பூவிழி,

உன் கடிதத்துக்கு இரண்டு நாளாகப் பதில் எழுதாமல் இருந்தேன். உன்னிடம் மழுப்ப எனக்கு வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

கோச் சார் அறையில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. மைதானத்தின் படம் வரைந்து, காந்த வில்லைகளில் எங்கள் பெண்களின் பெயர்களை எழுதி ஒட்டியிருக்கிறார். மைதானத்துக்குள் இருபத்திரண்டு வில்லை. ஓரத்தில் ஆறு சிவப்பு வில்லை. அந்த ஆறு பேரும் இங்கே ஆடப்போவதில்லை. மற்ற அணிகள் எடுத்துவிடக் கூடாது என்று பதிந்துவைத்திருக்கிறோம். கேம்புக்கு வரவழைத்தால் சோறும் படுக்கையும் தரவேண்டும். வீட்டிலேயே விட்டுவிட்டால் எந்தத் தொந்தரவும் இல்லை. நாங்கள் மட்டும் இப்படிச் செய்யவில்லை.

ஆறாவது வில்லை உன்னுடையது.

அன்று அவர் என்னிடம் கேட்ட கேள்வியை நான் உனக்குச் சரியாக எழுதவில்லை. "எதிர் டீம்ல யாரு நின்னா நம்ம ஃபார்வர்டுங்க திணறுவாங்க?" என்றுதான் கேட்டார். யோசிக்காமல் உன் பெயரைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். எதற்காகக் கேட்கிறார் என்று படிவத்தை எடுத்துக்கொடுத்தபோதே புரிந்தது. கேம்ப் தொடங்கியதும் மனம் மாறுவார், உன்னை நேரில் பார்த்தால் விடமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அனுப்பினேன். காலியாக இருந்த கட்டத்தில் இரண்டு என்று எழுதியதும் நான்தான்.

ரிலீஸ் கேட்டேன். "நொய்யலுக்கா? முதல் மேட்சே அவங்களோடதான். உனக்கு மூளை இருக்கா?" என்றார். மறுபடி கேட்டேன். நிர்வாகியிடம் சொல்லவா என்றார்.

இந்த வேலை போனால் எனக்கு வேறு எதுவும் இல்லை. முப்பது வயது. முட்டி போய்விட்டது. அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. ஊருக்குத் திரும்பினால் பள்ளியில் ஒப்பந்தத்துக்கு டிரில் எடுக்கலாம், அதுவும் கிடைத்தால். வரும் வருடம் உன்னை முதல் பதினொன்றில் கொண்டுவருவது என் பொறுப்பு. பொறுத்துக்கொள்.

இதைப் படித்ததும் கிழித்துவிடு.

அக்கா


ஆண்டிமடம்
23 செப்டம்பர் 2025

சகாய பிரியா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

அனிதா டீச்சர் பள்ளியில் ஸ்கேன் எடுத்தார். என் புகாரை இங்கிலீஷில் டைப் செய்து, உங்கள் கடிதத்தையும் சேர்த்து, தேசியச் சங்கத்தின் பதிவுப் பிரிவுக்கு நேற்று மெயிலில் அனுப்பிவிட்டோம். இன்று ஸ்பீட் போஸ்டிலும் போட்டாயிற்று. உங்கள் அப்பாவைப் பற்றிய வரியை மட்டும் மறைத்துவிட்டேன். அது அவர்களுக்குத் தேவையில்லை.

நான் மோசமாக ஆடுகிறேன் என்று ஒதுக்கியிருந்தால் முந்திரி உடைத்துக்கொண்டே மறந்திருப்பேன். நன்றாக ஆடுகிறேன் என்பதற்காக வீட்டில் உட்காரவைத்திருக்கிறீர்கள். இதை என் மாமியாரிடம் சொல்லக்கூட முடியவில்லை. சொன்னால் அவருக்குப் புரியாது. இவ்வளவு நாளும் என்னைத் தடுக்கிறவர் அவர்தான் என்று நினைத்திருந்தேன். அவர் நான்கு மாதம் விட்டார். நீங்கள் ஒரு நாள்கூட விடவில்லை.

வரும் வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வரும் வருடம் கிடையாது என்று ஆகஸ்டிலேயே எழுதினேன். படித்தீர்களா, இல்லை அதையும் கோப்பில் வைத்துவிட்டீர்களா?

இவர் உங்கள் கடிதத்தைப் படித்தார். "எங்க மொதலாளி மகா கஞ்சன். அவன்கூட லாரி சும்மா நின்னா அடுத்தவனுக்கு ஓட்ட உட்டுருவான்" என்றார்.

உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இது உங்கள் எழுத்தா என்று கேட்பார்கள். இல்லையென்று சொன்னால் உங்கள் வேலை போகாது. என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. முன்பு தெரியும் என்று நினைத்திருப்பேன்.

பூவிழி


சென்னை
1 அக்டோபர் 2025

அன்புள்ள பூவிழி,

27ஆம் தேதி பகலில் சங்கத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். எனக்கு ஒரு பக்கம் கோச் சார், மறுபக்கம் நிர்வாகி. அந்தப் பக்கம் ஒரு அம்மாவும் தமிழ் பேசும் அதிகாரி ஒருவரும் இருந்தார்கள். கடிதத்தைத் திரையில் காட்டினார்கள்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

நிர்வாகி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"ஆமாம் சார்."

"ரெண்டு வருஷம்னு நிரப்புனது யாரு?"

"நான்தான். அந்தப் பொண்ணு போடறப்ப கட்டம் காலியா இருந்துச்சு."

பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. 29ஆம் தேதி காலையில் உனக்கு ரிலீஸ் கொடுத்தார்கள். மாலை நான்கு மணிக்கு நொய்யல் உன்னைப் பதிந்துவிட்டது. கணினியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதற்குள் நீ கோயம்புத்தூர் போயிருப்பாய். அதனால் ஹேமலதாவின் முகவரிக்கு எழுதுகிறேன்.

மற்ற ஐந்து பேர் அப்படியே பலகையின் ஓரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் புகார் எழுதவில்லை. நானும் அவர்களுக்கு எதுவும் எழுதவில்லை. முப்பதாம் தேதி போய்விட்டது.

என்னைச் சீசன் முடியும் வரை வைத்துக்கொள்வார்கள். இப்போது வெளியே அனுப்பினால் சங்கம் கேள்வி கேட்கும் என்று பயம். அதன் பிறகு பார்க்கலாம். சாப்பாட்டு மேசையில் யாரும் என்னோடு உட்காருவதில்லை. கானாக்காரி மட்டும் உட்காருகிறாள். அவளுக்கு விஷயம் தெரியாது.

முதல் ஆட்டத்துக்கான கூட்டம் நேற்று நடந்தது. ஆட்டம் 18ஆம் தேதி, உங்களோடு. கோச் சார் என் முகத்தைப் பார்க்காமல், "அந்தப் பொண்ணு எப்படி?" என்று கேட்டார். இந்த அணியில் சம்பளம் வாங்குகிறேன், அதனால் சொன்னேன். உயரத்தில் பந்து போட்டால் அவளே எடுத்துவிடுவாள். தரையோடு அனுப்புங்கள். இடது பக்கம் திரும்ப அவளுக்கு அரை நொடி கூடுதலாக ஆகும், விடுதியில் இருந்தபோதும் அப்படித்தான் என்றேன். கானாக்காரியை அந்தப் பக்கம் நிறுத்தப்போகிறார்கள்.

இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. தினமும் காலையில் ஹேமலதாவை இடது பக்கமாகப் பந்து போடச் சொல். திரும்பிப் பழகு.

சகாய பிரியா