பெயரைச் சொல்லிக் கேட்காதே

என் நாற்பது நாள் அக்கா பிலோவுக்கு,

நீ வெளிநாடு போய் இரண்டு வருடமாகிறது. கொட்டாஞ்சேனையில் உன் யன்னலுக்கு வேறு யாரோ திரை போட்டிருக்கிறார்கள். நான் வெள்ளவத்தையில் அதே அறையில்தான். வடக்கில் சண்டை இன்னும் முடியவில்லை. அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடியே பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறேன்.

உனக்குச் சொல்ல ஒரு புதினம். புதிதாகச் சேரும் தாதியருக்கு என்னை வழிகாட்டியாக இருக்கச் சொல்கிறார் மேட்றன். இரண்டு பிள்ளைகள், ஆறு மாதம். வெள்ளிக்கிழமை பதில் வேண்டுமாம்.

முடியாது என்று கடிதம் எழுதிவிட்டேன். பழக்கிவிட்டால் டுபாய்க்கோ லண்டனுக்கோ போய்விடுகிறார்கள். மாதாமாதம் அவர்களைப் பற்றி அறிக்கையும் கொடுக்க வேண்டும். பிழை பிடிக்கிற வேலைக்கு வழிகாட்டல் என்று பெயர் வைத்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. நீ இங்கே இருந்திருந்தால், "சரி, உண்மையான காரணத்தைச் சொல்லுடி" என்றிருப்பாய்.

உண்மையான காரணம் பதினோராம் கட்டில்.

நாம் தாதியராகச் சேர்ந்து மூன்று மாதம்தான். வாட்டில் தமிழில் கதைக்கவே பயந்த காலம். நானும் தமிழ், அந்தக் கட்டிலில் இருந்தவரும் தமிழ். ஆனாலும் ஊசியோடு போய், "செல்வராசாதானே?" என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் தலையாட்டினார். போட்டுவிட்டேன். அவர் கந்தையா. செல்வராசா பக்கத்துக் கட்டில். வழியெல்லாம் சோதனைச் சாவடிகளில் எதைக் கேட்டாலும் தலையாட்டிப் பழகி வந்த மனிதர் அவர். அன்று பின்னேரம் வரை உடம்பெல்லாம் தடித்துக் கிடந்தார். பிறகு தேறிவிட்டார்.

துணி வைக்கும் அறைக்குள் ஒளிந்திருந்த என்னைக் கண்டுபிடித்தவள் நீ.

"எழும்புடி. சிஸ்டர்கிட்ட சொல்லுவோம். நானும் வாறேன்."

"நீ ஏன்? பிழை விட்டது நான்."

"நான் நாப்பது நாள் மூத்தவ. அக்கா வராம?"

சிஸ்டர் இருவருக்கும் சமமாக ஏசினார். வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "இனிப் பேரை நீ சொல்லிக் கேக்காத. அவங்க வாயால வரட்டும்." அதற்குப் பிறகு நான் படித்து வாங்கிய பட்டத்தில் அதைவிடப் பெரிதாக எதைக் கற்றேன், சொல்?

நேற்று நடந்ததைக் கேள். மாத்தறையிலிருந்து வந்த நிலூகா என்ற புதுச் சிங்களப் பிள்ளை ஊசியோடு ஒரு வயோதிபரிடம் குனிந்து, "நடராசாதானே, தாத்தா?" என்று சிங்களத்தில் கேட்டாள். அவர் தலையாட்டினார். நான் எதையும் யோசிக்கவில்லை. அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, உங்கட பேர் என்ன?"

அவர் முதலில் சுற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "சின்னத்தம்பி, மிஸ்ஸி" என்றார்.

நிலூகாவின் முகம் வெளுத்தது. எனக்குத் தெரிந்த முகம், பிலோ. ஒரு காலத்தில் என்னுடையது. "மிஸ், மேட்றனிட்டச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். "நீயே சொல்லு. நானும் வாறன்" என்றேன். சிங்களத்தில்தான் சொன்னேன். ஆனாலும் உன் குரல்தான் எனக்குக் கேட்டது.

மேட்றனிடம் போய்வந்த பிறகு அந்தத் தமிழ் வசனத்தைச் சொல்லித் தரச் சொன்னாள். இன்று காலை கட்டில் கட்டிலாகப் போய், "உங்கட பேர் என்ன?" என்று மாத்தறை ராகத்தில் கேட்டாள். சின்னத்தம்பி ஐயா சிரித்துவிட்டு, "நேற்றுத்தானே பிள்ளை சொன்னனான்!" என்றார்.

மேட்றனுக்குக் கொடுக்காமல் வைத்திருந்த அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அறிக்கை விஷயத்தில் எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. டுபாய்க்குப் போகிறவர்கள் போகட்டும். பயந்துபோய்த் தலையாட்டுகிறவர்கள் அங்கேயும் இருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை ஓம் என்று சொல்வேன். முதல் நாளே அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் கந்தையாவின் கதையைச் சொல்வேன். உன்னையும் சிஸ்டரையும் தவிர வேறு யாருக்கும் சொல்லாமல் இத்தனை வருடம் மறைத்ததையும் சேர்த்து: ஊசி போட்டது நான் என்று. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் நாற்பது நாள் தங்கச்சி,
சாந்தி