செய்யாத தப்புக்கு மன்னிப்பு

சேவூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அனிதாவுக்கு,

மருதாளுக்கு வேலை போகவில்லை. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நலமாக இருக்க வேண்டும். நலம் விசாரிப்பதற்கு முன்பே பக்கத்து வீட்டுச் செய்தியை எழுதுகிறாரே, அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது.

மருதாள் செக்கிங் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், ஒரு பெட்டி குழந்தைச் சட்டைகள் எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்துவிட்டன. யார் பார்த்த துணி என்று தெரிவதற்கு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள் அல்லவா, அதில் இருந்தது இவள் நம்பர். திங்கட்கிழமை எழுத்தில் விளக்கம் கொடு, இல்லாவிட்டால் வேலைக்கு வராதே என்று மேனேஜர் சொல்லிவிட்டார். உண்மையில் அன்று அயர்ன் பிரிவில் ஆள் குறைவு என்று சூப்பர்வைசர் மயில்சாமி இவளை அங்கே அனுப்பியிருந்தார். இவள் மேசையில் வேறு யாரோ உட்கார்ந்து, அங்கே கிடந்த இவள் ஸ்டிக்கரையே ஒட்டியிருக்கிறார்கள். ஒற்றை ஆளாகப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவள், அழுதுகொண்டே வந்து எழுதித் தரச் சொன்னாள். நான் வழக்கம்போல ஒரு பிரதி எழுதி, அடித்துத் திருத்தி, நல்ல பிரதி எடுத்து வாசித்துக் காட்டினேன். கம்பெனிக்கு நேர்ந்த சிரமத்துக்கு மன்னிப்பு, ஐயா அவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிப்பு, பிறகு குடும்ப நிலைமை, கடைசியில் ‘மேலும் அன்றைய தினம் அயர்ன் பிரிவுக்கு அனுப்பப்பட்டேன் என்பதையும் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உன் அம்மா நிமிர்ந்து பார்த்து, “ஏனுங்க, செய்யாத தப்புக்கு எதுக்குங்க மன்னிப்பு? மேனேஜரு முதல் வரியைப் படிச்சுப்போட்டு, அவளே ஒத்துக்கிட்டாள்னு ஊட்டுக்கு அனுப்பிச்சுருவாரு. கல்யாணப் பத்திரிக்கையாட்ட சொந்தக்காரங்க பேரையெல்லாம் போட்டுட்டு முகூர்த்தத்தை அடியில ஒளிச்சு வெச்சிருக்கீங்க” என்றாள். மருதாள்தான் எனக்காகப் பரிந்து, “இருக்கட்டுங்க்கா, மரியாதைக்குப் போட்டிருக்காருங்க” என்றாள். நான் தாளை மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தேன். நம் பக்கத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்பதற்கே தப்பா நெனச்சுக்காதீங்க என்றுதான் ஆரம்பிப்போம். பேச்சில் அது சிரிப்போடு போய்விடும். தாளில் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நின்றுவிடும். நூற்பாலை அலுவலகத்தில் காலமெல்லாம் கடிதம் எழுதியும் எனக்கு இது தோன்றவில்லை.

மறுபடி எழுதினேன். ‘அன்று நான் செக்கிங் மேசையில் இல்லை. சூப்பர்வைசர் மயில்சாமி என்னை அயர்ன் பிரிவுக்கு அனுப்பினார்.’ இதுதான் தொடக்கம். அதற்கு மேலே வணக்கத்தை மட்டும் விட்டுவைத்தேன். இது திமிராகப் பட்டு, அவள் வேலையை நானே கெடுத்துவிட்டேனோ என்று திங்கட்கிழமை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் மருதாள் கேட்டைத் திறப்பதற்கு முன்பே, “சாமி, வேலை இருக்குதுங்க!” என்று கத்தினாள். மேனேஜர் தொடக்கத்தைப் படித்ததுமே மயில்சாமியைக் கூப்பிட்டாராம். அவரும், ஆமாங்க, நான்தான் அனுப்புனேன் என்றாராம். அவ்வளவுதான். “பாருங்க, மருதாளுக்குத் தெரியுது, விஷயத்தை முதல்ல சொல்லணும்னு” என்று உன் அம்மா என்னைக் கிண்டல் செய்தாள். செய்யட்டும். அன்று தோசை போதும் என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

நீ பார்க்கச் சொல்லி அனுப்பிய லீவு கடிதத்தையும் இப்போதுதான் தைரியமாகத் திருத்தினேன். அதில் எத்தனை சாரி, கண்ணு! எந்தத் தேதியிலிருந்து லீவு என்பது கடைசி வரியில் கிடக்கிறது. என் கைப்பழக்கம் உனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேதியை மேலே கொண்டுவா, சாரியையெல்லாம் எடுத்துவிடு, முடிவில் ஒரு நன்றி போதும். அனுப்புவதற்கு முன் வாய்விட்டுப் படித்துப் பார். நான் சொல்வது தவறாக இருந்தால் மன்னித்துவிடு என்று எழுத வந்தேன், நிறுத்திக்கொண்டேன்.

அவிநாசியப்பர் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. எப்போதும் ‘சௌகரியப்பட்டால் வந்து போகவும்’ என்று எழுதி முடிப்பேன். இந்த முறையும் எழுதி, அடித்துவிட்டேன். சித்திரைக்கு வா, கண்ணு. உன்னைப் பார்க்க வேண்டும்.

உன் அப்பா,
தண்டாயுதபாணி