சத்தத்தை அணைத்துப் பார்த்த செய்தி

ஜூலை 6, ஞாயிறு

ஓய்வுநாள் பள்ளியில் மஞ்சு அக்கா லேப்டாப்பில் ஒரு இந்திச் செய்தித் துண்டைச் சத்தமில்லாமல் காட்டினார். கண்ணில் பட்டதை மட்டும் எழுதச் சொன்னார். 'நாலு பேர் மூட்டையோடு நடக்கிறார்கள்' என்று எழுதினேன். அடுத்து சத்தத்தோடு காட்டினார். அதே நாலு பேர் சதிகாரர்கள் ஆகிவிட்டார்கள்!

பொய்சாட்சி சொல்லக் கூடாது என்ற கட்டளை பேசுகிறவருக்கு மட்டுமல்ல, பார்த்துவிட்டு நம்பிப் பரப்புகிறவருக்கும்தான் என்றார் அக்கா.

"அப்போ கிரிக்கெட்டையும் மியூட்லதான் பாக்கணுமாக்கா?" என்றான் தீனா. அக்காவே சிரித்துவிட்டார்.

ஜூலை 9, புதன்

மழை. பள்ளிப் பேருந்து வரவில்லை. நாள் முழுக்கப் படித்தேன்.

ஜூலை 11, வெள்ளி



சாயங்காலச் செய்தியில் எங்கள் தெரு. டெல்லி ஜங்புராவில் பிள்ளை பிடிக்கும் பெண்ணாம். கேமரா படம், முகத்தை மங்கலாக்கிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். தோளில் ஒரு குழந்தை, அதன் கை துவண்டு தொங்கியது. பின்னால் ஒரு பயங்கர இசை. அப்பா எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார்.

நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அணைத்தேன். ஒரு பெண் நடக்கிறாள். குழந்தை தூங்குகிறது. கையில் மஞ்சள் பை. ஐ.என்.ஏ. மார்க்கெட் அப்பளக் கடைப் பை. அம்மா இட்லி வைத்துக் கொடுத்தது.

செல்லம்மாள் அக்கா! எங்கள் வீட்டிலும் கீழ் வீடுகளிலும் வேலை செய்பவர். பக்கத்தில் தமிழர்கள் இருந்த மதராசி கேம்ப் குடிசைகளை இடித்த பிறகு, ஊர்க்கோடி நரேலாவிலிருந்து வருகிறார். தங்கை மகள் முத்துமாரிக்கு அங்கே இன்னும் பள்ளி கிடைக்கவில்லை, கூடவே கூட்டி வருவார். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தால் யார்தான் தூங்க மாட்டார்கள்?

சொன்னேன். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ வெளிய மூச்சு விடாத, கேட்டியா," என்றார் அப்பா. "வாடகைக்கு இருக்கோம்."

ஜூலை 12, சனி

சபையின் வாட்ஸப் குழுவில் அதே படம். 'ஜெபக் குறிப்பு: நம் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக.' கீழே வரிசையாக ஆமென், ஆமென், ஆமென்.

அனுப்பியவர் மஞ்சு அக்கா.

ஜெபம் என்று பெயர் வைத்தால் பொய்சாட்சி இல்லையா?

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனையில் போதகர் ஐயர் அந்தக் குறிப்பை வாசித்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் எழுந்துவிட்டேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போல இருந்தது.

"அது பிள்ளை பிடிக்கிறவங்க இல்ல. செல்லம்மாளக்கா. எங்க வீட்ல வேலை செய்தாவ. அது அவங்க தங்கச்சி மக."

மஞ்சு அக்கா தலை குனிந்து, போனில் அந்தப் படத்தை அழித்தார். வெளியே வந்ததும் அப்பாவைச் சுற்றிக்கொண்டார்கள். எந்த செல்லம்மாள்? எந்தெந்த வீட்டில்? தங்கை மகள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?

ஜூலை 14, திங்கள்

எங்கள் தெருக்காரர்களின் குழுவில் படம் மறுபடி வந்திருக்கிறது. இப்போது பெயரோடு. கீழ்வீட்டு ஆன்ட்டி செல்லம்மாள் அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

செல்லம்மாள் அக்கா போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"டிவில மூஞ்சி தெரியலயாமே, சிந்து பாப்பா. பேர எதுக்குச் சொன்ன? பஸ் ஸ்டாப்புல நாலு பேரு நிக்கிறானுங்க. என்னையே பாக்குறானுங்க."

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அப்பா அங்கேதான் நின்றார்.

அவரைக் காப்பாற்றத்தானே சொன்னேன் – கர்த்தாவே, அவரை அடித்துவிட்டால்?

ஜூலை 15, செவ்வாய்

வரவில்லை. செல்லம்மாள் அக்கா போனும் எடுக்கவில்லை.

மஞ்சு அக்கா வந்திருந்தார். தெருவில் வீடு வீடாக ஏறி, படம் அனுப்பியது தன் தப்பு என்று சொன்னாராம். இரண்டு வீட்டில் கதவு திறக்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

நேற்று ராத்திரி செல்லம்மாள் அக்காவிடம் போனில் பேசியது அப்பா. காலையில் பேங்குக்குப் போகிற சட்டையோடு பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினார். நானும் போனேன்.

முத்துமாரி தூங்கிக்கொண்டுதான் இறங்கினாள். அப்பா அவளை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். செல்லம்மாள் அக்கா பக்கத்தில் நடந்தார், முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி. தெருவில் யாரும் அப்பாவைச் சந்தேகமாக ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கேட்டில் காவலாளி அப்பாவுக்குச் சலாம் வைத்தார். பிறகு செல்லம்மாள் அக்காவை நிறுத்தி, குழந்தை யாருடையது என்று இந்தியில் கேட்டார்.

அப்பா நின்றார். குரல் கொஞ்சம் நடுங்கியது.

"பச்சா மேரே பாஸ் ஹை, பையா. முஜ்ஸே பூச்சோ."

குழந்தை என்னிடம் இருக்கிறது அண்ணே, என்னைக் கேள் என்று. காவலாளி அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்டார்.