அகலம் கூடிய டயர்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். கோட்டாறு போய்க் காருக்கு டயர் மாற்றியாயிற்று. முப்பது வருடம் தாண்டிய வண்டி. அதன் அளவில் இப்போது டயரே வருவதில்லை. மூன்று கடை ஏறி இறங்கியும் இல்லை. நான்காவது கடைக்காரர் அகலம் கூடியதைப் போட்டுவிட்டார். பின்பக்கம் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழையாது.

"ரெண்டு பேரு போனா கொழப்பமில்ல சாரே. ஆளு நெறச்சு ஏத்தண்டாம். பள்ளத்துல விழுந்தா ஒரசும், ஒரசி ஒரசிக் கிழியும்."

தலையாட்டினேன். பார்க்க வண்டி கம்பீரமாகத்தான் இருக்கிறது.

வாங்க வேண்டியது: குடை, ஞானத்துக்குப் பிரஷர் மாத்திரை.

ஜூன் 6, வெள்ளி

வெயில். ஞானத்தின் தம்பி ஜெபா மஸ்கட்டிலிருந்து லீவில். நாளை குடும்பத்தோடு சிதறால் மலைக்குப் போகிறானாம். கார் கேட்டான்.

"வண்டி ஓடுமா அத்தான்?"

"புது டயரு போட்டாச்சு. தாராளமா போ."

மற்றதைச் சொல்லவில்லை. வேறு அளவு டயர் என்றால் சிரிப்பான். எனக்கும் ஞானத்துக்கும் கல்யாணமான நாளிலிருந்தே இந்தக் காரைப் பார்த்துச் சிரிப்பவன்.

ஜூன் 7, சனி

ஆஸ்பத்திரி வராந்தா. சிதறாலுக்கு முன்னால் ஒரு வளைவு. வண்டியில் ஆறு பேர். பின் டயர் வெடித்து, ரப்பர் தோட்டத்துப் பள்ளத்தில். மாமியாருக்குக் கை முறிவு. பிள்ளைகளுக்குச் சிராய்ப்பு. ஜெபாவின் வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கிப்போனது. எடுத்தாக வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட அவன் மனைவி ஷீபாவுக்கு விரல் மடங்கவில்லை. பேனாவைப் பிடித்துக் கொடுத்தது நான்.

ஜூன் 9, திங்கள்

மழை. ஸ்டேஷன் வளாகத்தில் கார். குனிந்து பார்த்தேன். மட்கார்டின் உள்விளிம்பு தேய்ந்து பளபளவென்று கத்தி மாதிரி. டயரின் கிழிசலும் அதே இடத்தில்.

"மச்சினன் நல்ல வேகத்துல போயிருக்கான், என்னா சார்?" என்றார் ஏட்டு.

நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஜூன் 11, புதன்

ஜெபா இன்றுதான் வாய் திறந்து பேசினான்.

"வேகமா ஓட்டுனது நாந்தான் அத்தான். மெதுவா போ மக்கா, மெதுவா போ மக்கான்னு அம்ம சொல்லிக்கிட்டேதான் வந்தா."

"விடுலே. உயிரு இருக்குல்லா" என்றாள் ஞானம். தம்பியின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நான் ஜன்னல் பக்கம். மாத்திரை வாங்க மறந்தது.

ஜூன் 12, வியாழன்

காலையில் ஸ்டேஷனுக்குப் போய் ஏட்டிடம் சொன்னேன். பிறகு ஆஸ்பத்திரி. ஞானம் கஞ்சி வாங்கப் போயிருந்தாள். ஜெபாவிடமும் சொன்னேன். கடைக்காரர் எச்சரித்தது, நான் மறைத்தது, எல்லாம் ஒரே மூச்சில்.

மின்விசிறியைப் பார்த்தபடியே கேட்டான்.

"பிள்ளையள ஏத்தும்போ நீங்க வாசல்லதான நின்னீங்க?"

"ஆமா."

"டாட்டா காட்டினீங்களே அத்தான்."

ஞானம் வந்துவிட்டாள். கைலேசுத் துணியை எடுத்துத் தன் முகத்து வியர்வையைத் துடைத்தாள். தம்பிக்குக் கொடுங்கள் என்று கிண்ணத்தையும் கரண்டியையும் என்னிடம் நீட்டினாள். வாங்கி, ஆற்றி, அவன் உதட்டருகே கொண்டுபோனேன்.

வாயைத் திறக்கவில்லை.