பந்தலடியில் பதினேழு கடி

நவம்பர் 8, ஞாயிறு
காலை ஒன்பது மணிக்குத் தோட்டத்தில் பீர்க்கம்பந்தலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பத்து மணிக்கு எழுந்தபோது பதினேழு கொசுக்கடி. இடது கால் ஒன்பது, வலது கால் ஆறு, காதில் ஒன்று, சொல்லக்கூடாத இடத்தில் ஒன்று. மேனேஜரிடம் காட்டினேன். (பெண்டாட்டிதான். வீட்டில் உத்தரவெல்லாம் அவளுடையது.) இத்தனை வருஷத்தில் யாரும் உங்களை இவ்வளவு ஆசையாகத் தேடி வந்ததில்லையே என்றாள். என்னோடு இருந்து இருந்து அவளுக்கும் வாய் நீண்டுவிட்டது.

நவம்பர் 9, திங்கள்
பட்டறையில் இரண்டு கேட் வெல்டிங். சாயங்காலம் தோட்டத்தில் ஐந்து கடி.

நவம்பர் 12, வியாழன்
மாடியம்மா படியிறங்கி வந்தார். வீடு அவர்களுடையது, கீழே நாங்கள் வாடகைக்கு. கையில் நாலு மாதப் பேத்தி. கன்னத்தில் இரண்டு தடிப்பு. மாடியம்மா சத்தம் போட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். போடவில்லை.
"ஒண்ணாந்தேதி கொத்தனார் வர்றாரு. தோட்டம் முழுக்க சிமெண்ட் போட்டுடலாம். குழந்தை விஷயம், தப்பா எடுத்துக்காதீங்க."
மேனேஜர் தலையாட்டினாள். அப்புறம் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.
பத்தொன்பது நாள் இருக்கிறது. எதிரி என்ன யானையா? கொசுதானே. பார்த்துவிடுவோம்.

நவம்பர் 13, வெள்ளி
ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டேன். பக்கத்து வீட்டு டெய்லரின் சாக்கடை. உங்கள் கடையைவிட சாக்கடையில்தான் கூட்டம் அதிகம் என்று போய்ச் சொன்னேன். துணி கொடுக்க வந்த மூன்று பேரும் சிரித்தார்கள். டெய்லர் சிரிக்கவில்லை. டேப்பைக் கழுத்தில் போட்டபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 15, ஞாயிறு
டெய்லர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கடையைத் தானே தூர் வாரினார். பாவம், இடுப்பு வலிக்காரர்.
இன்று பத்தொன்பது கடி. கூடியிருக்கிறது. எப்படி?

நவம்பர் 18, புதன்
கொசு மருந்து அடிப்பவர் வந்தார். சாக்கடையைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்காமல் என் கையில் ஒரு அடி வைத்தார். நசுங்கிய கொசுவைத் தூக்கிக் காட்டினார். காலில் வெள்ளை வெள்ளையாக வளையம்.
"சாக்கடைக் கொசு ராத்திரிக்காரன்ணே. பகல்ல கடிக்கிற இது நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். உங்க காம்பவுண்டுக்குள்ளயே எங்கயோ இருக்கு."
ஒரு தாள் கொடுத்துப் போனார். மேனேஜர் வாசித்தாள், நான் படம் பார்த்தேன். தொட்டித் தட்டு, டயர், பழைய டப்பா. எல்லாவற்றையும் கவிழ்த்தாயிற்று.

நவம்பர் 22, ஞாயிறு
நாற்காலியை இடம் மாற்றி மாற்றிப் போட்டு எண்ணினேன். கேட் பக்கம் இரண்டு. குழாயடி மூன்று. பந்தலடி பதினாலு. பந்தலுக்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது! தொட்டிகூட இல்லை.
பீர்க்கங்கொடி சரிந்து கிடக்கிறது, எடுத்துக் கட்டேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். "போகப்போற செடிக்கு எதுக்கு"ன்னுட்டா. இவ இப்படிப் பேசற ஆளே இல்ல. காலையில எந்திரிச்சதும் என் மூஞ்சியில முழிக்காம அந்தக் கொடியில முழிக்கிறவ. சிமெண்ட்டப் பார்த்துக்கிட்டு என்ன பண்ணுவா?

நவம்பர் 25, புதன்
கொடியை நானே கட்டினேன். கையிலிருந்த ஸ்பேனர் பந்தல் காலில் இடித்தது. டொக்.
இரும்புக் குழாய் டங் என்றல்லவா சொல்ல வேண்டும். முப்பது வருஷமாகக் கேட்கிற சத்தம், எனக்குத் தெரியாதா? மேலே தட்டினேன், டங். நெஞ்சு உயரத்தில் தட்டினேன், டொக். நாலு காலும் அப்படியே. ஸ்டூல் போட்டு ஏறிக் குழாய்க்குள் கம்பியை விட்டேன். நனைந்து வந்தது. அடியில் ஓட்டை போட்டதும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அதில் ஆயிரம் புழு, நெளிந்து நெளிந்து.
யார் வீட்டு கேட்டையும் குழாய் வாயை அடைக்காமல் நான் அனுப்பியதில்லை. ஆகஸ்டில் இந்தப் பந்தல் போட்டபோது, மண்ணில் துருப்பிடிக்கும் என்று அடியைத் தகடு வைத்து அடைத்தேன். மேலே? நம்ம வீடுதானே, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். பெய்த மழையெல்லாம் உள்ளே.
டெய்லரை நினைத்தால்தான் சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 26, வியாழன்
நாலு மூடி, நாலு வெல்டிங். மேனேஜர் சிரித்த சிரிப்பில் மாடியம்மா எட்டிப் பார்த்தார். அவரிடமும் உண்மையைச் சொன்னேன். பார்க்கலாம் என்றார்.
பிறகு டெய்லர் கடை. ஆட்கள் இருக்கும் நேரம் பார்த்துத்தான் போனேன். கூட்டத்தில் சொன்னதைக் கூட்டத்தில்தானே திருப்பி எடுக்க வேண்டும். கொசு என் பந்தல் குழாய்க்குள்ளதான் இருந்துச்சு, மூடி போட்டுட்டேன், தப்பு என்னுது, உங்களை இடுப்பு ஒடிய வேலை வாங்கிட்டேன் என்றேன். அவர் டேப்பை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.
"குழாய்க்குப் போட்டாச்சு. வாய்க்கும் ஒரு மூடி தச்சுத் தரவா?"
கடையே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன்.

நவம்பர் 29, ஞாயிறு
பந்தலடியில் ஒரு மணி நேரம். நாலு கடி. பழைய ஆட்கள்.

டிசம்பர் 1, செவ்வாய்
கொத்தனார் சிமெண்ட் மூட்டையோடு வந்து நின்றார். மாடியம்மா அவரை இருக்கச் சொல்லிவிட்டு, என் நாற்காலியில் பந்தலடியில் உட்கார்ந்தார். புடவையைக் கணுக்கால் தெரியக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். அரை மணி நேரம். அப்புறம் மாடியைப் பார்த்து, குழந்தையைக் கொண்டுவரச் சொன்னார்.
கொத்தனாரிடம், "மொட்டைமாடியில விரிசல் இருக்கு. அதைப் பூசிட்டுப் போங்க" என்றார்.
மூட்டை படியேறியது. மேனேஜர் வாளியை நிமிர்த்தித் தண்ணீர் பிடித்தாள்.
இன்று எனக்கு ஒரே ஒரு கடி. எறும்பு.